நீருக்கு மேலே நாற்பது பக்கம்

பூரணியிடம் எழுதக் கற்க வந்தவர்களில் மாசிலாமணிக்குத்தான் வயது அதிகம். குருவைவிடப் பன்னிரண்டு வயது மூத்த சீடர்.

அன்று அவர் கொண்டுவந்தது ஒரு மனு. அவர் தெருப் பிணங்கள் ஊர்ச்சாலையில் போகக்கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. மார்பளவு வாய்க்காலில் இறங்கித்தான் சுடுகாட்டுக்குப் போகவேண்டும். இரண்டு அதிகாரிகள் மனுவைக் கேட்டுவிட்டுத் தலையாட்டி அனுப்பிவிட்டார்கள். நாளை மூன்றாமவர் வருகிறார். வீட்டில் மாசிலாமணியின் அப்பா கஞ்சி இறங்காமல் கிடந்தார்.

மாசிலாமணி நாற்பது பக்கத்தையும் வாசித்துக் காட்டினார். சமத்துவம் என்ற சொல் மட்டும் அறுபது தடவை வந்தது. குருவுக்குக் கொட்டாவி வந்தது. அவள் அதை மறைக்கவும் இல்லை.

“நியாயமாத்தானம்மா எழுதியிருக்கேன். ஏன் யார் மனசும் அசையல?”

“வாங்கண்ணே, வாய்க்காலுக்குப் போவோம்.”

பனி இறங்கிய காலை. கரை எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. அக்கரை மரங்கள் வேர் இல்லாமல் மிதந்தன.

“மனுவைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு இறங்குங்க. நனையக்கூடாது.”

இறங்கினார். பாதித் தூரத்தில் தோள் கடுத்தது. நின்றுவிட்டார். ஒரு கை தானாகப் பின்னால் போய், இல்லாத எதையோ ஏந்திப் பிடித்தது. காகிதங்கள் நழுவி ஒவ்வொன்றாகப் பனிக்குள் போயின. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“என்னண்ணே?”

“எங்கம்மாவைக் கொண்டுபோனப்ப, இந்த இடத்துலதான்...” அவர் அந்தக் கையைப் பார்த்தார். “பாடை சாயாம இருக்க ஒரே உயரத்துல நாலு பேரை எடுப்போம். அன்னைக்கு ஒரு ஆள் குறைஞ்சுது, நான் தோள் குடுத்தேன். நான் குள்ளம். என் பக்கம் சாஞ்சு, அம்மா கால் தண்ணியில பட்டுச்சு. ஒரு கையால அதைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே கரையேறினேன்.”

“இது எத்தனாவது பக்கம்?”

“எழுதல.”

“ஏன்?”

“வெக்கமா இருந்துச்சு. அதுவுமில்லாம, இதுல வாதம் எங்க இருக்கும்மா?”

பூரணி புடவையோடு தண்ணீரில் இறங்கி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“இதை எழுதி, நாளைக்கு உங்கம்மா காலை அந்த அதிகாரி கையில குடுத்துட்டு வந்துடுங்க. எங்க இறக்கி வைக்கிறதுன்னு அவர் யோசிக்கட்டும்.”