முழங்கால் உயரச் சுவர்

ஆறே இல்லாத நாடு ஒன்று முன்னொரு காலத்தில் இருந்தது, கேளுங்கள். கிணற்றை நம்பித்தான் அங்கே உயிர்கள் இருந்தன. அந்த நாட்டை ஆண்டுவந்தவர் கருணாகர ராஜா. ஈ செத்தாலும் கண் கலங்குகிறவர்.

அங்கே ஓர் ஊரில் சிலம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரே பிள்ளை, நான்கு வயது மாதுளை. ஒருநாள் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடிய மாதுளை, தரையோடு தரையாக வாய் திறந்து கிடந்த ஊர்க்கிணற்றில் விழுந்து செத்துப்போனாள்.

பதினாறு கழிந்ததும் சிலம்பாயி அரண்மனைக்குப் போனாள். அவள் கேட்கப் போனது ஒன்றே ஒன்றுதான். "ராஜா, என் பிள்ளை கிணற்றில்…" என்று தொடங்கினாள். அதற்குமேல் சொல்ல முடியவில்லை. ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து அழுதார். சபையும் அழுதது. அழுதபடியே ஆணையிட்டார்: இனி இந்த நாட்டில் ஒரு பிள்ளையும் கிணற்றில் சாகக் கூடாது, ஊர்க்கிணறுகள் எல்லாவற்றையும் தூர்த்துவிடுங்கள். அந்த ஆணைக்கு 'மாதுளைக் கட்டளை' என்று பிள்ளையின் பெயரையே வைத்தார்.

தண்டோரா போட்டார்கள். மண் கொட்டினார்கள். கல் ஏற்றி மூடினார்கள். அதன்பிறகு தண்ணீர் வேண்டுமென்றால் மலையடிச் சுனைக்கு அரைநாள் நடக்க வேண்டும்.

நாக்கு வறண்ட ஜனங்கள் ராஜாவைத் திட்டினார்களா? இல்லை. ராஜா நல்லவராயிற்றே. மாதுளையைத் திட்டினார்கள். தாகத்துக்கே மாதுளை என்று பெயர் வந்துவிட்டது. மாதுளையை இடுப்பில் தூக்கி வளர்த்த பக்கத்து வீட்டு மருதக்காள்கூட, தண்ணீருக்குக் கத்திய ஆட்டை உதைத்து, "போ, மாதுளைகிட்டப் போய்க் குடி" என்றாள், சிலம்பாயியின் காதில் விழும்படி.

சிலம்பாயிக்கு வயிறு எரிந்தது. கிணறு தன் பிள்ளையை ஒருமுறைதான் கொன்றது, இவர்கள் தினமும் கொல்கிறார்களே என்று நினைத்தாள். மறுபடி அரண்மனைக்கு நடந்தாள்.

நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று மந்திரி முடிவுகட்டிவிட்டார். அவள் வாய் திறக்குமுன் பட்டுச்சேலை வந்தது. ராஜா அவளைப் பார்த்ததுமே அழத் தொடங்கினார். கிணறுகளைத் திறக்கச் சொல்லுங்கள் என்று அவள் மூன்று தரம் சொன்னாள். அவர் விம்மலில் மூன்றும் முங்கிப்போயின. பட்டுச்சேலையை வாசற்காவலன் தோளில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

மூன்றாம் முறை போனபோது ஒன்றைத் தெரிந்துகொண்டு போனாள். இந்த ராஜாவுக்குப் பேச்சு கேட்காது. எனவே மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"அரண்மனைக் கிணற்றைச் சுற்றி உங்கள் மகன் ஓடி விளையாடுகிறாரே ராஜா, அது மட்டும் பிள்ளை இல்லையா?"

ராஜா நடுங்கிப்போனார். மந்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார், யார் கேட்டது? அன்றைக்கே அரண்மனைக் கிணற்றில் மண் விழுந்தது.

முதல் நாள் மடைப்பள்ளி அடுப்பு அணைந்தது. இரண்டாம் நாள் யானைகள் பிளிறின. மூன்றாம் நாள் இளவரசன் தண்ணீர், தண்ணீர் என்று அழுதான். அரண்மனைக் குடங்களோ சுனையில், ஊர்க்குடங்களுக்குப் பின்னால் வரிசையில் கிடந்தன.

சிலம்பாயி ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தாள். இளவரசன் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். அப்போது ராஜா, கிணற்றை மூடினால் இப்படி ஆகும் என்று முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார்.

"சொல்ல வந்தேன். நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் நான், அழுதது நீங்கள். என்னம்மா வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?"

அன்றுதான் ராஜா கேட்டார். "என்னம்மா வேண்டும்?"

சிலம்பாயி குனிந்து தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள்.

"கிணற்றைச் சுற்றி, இவ்வளவு உயரத்துக்கு ஒரு சுவர். அவ்வளவுதான் கேட்க வந்தேன்."

கிணறுகளைத் தோண்டினார்கள். பாதிக் கிணறுகளில் ஊற்றுக்கண் திறக்கவே இல்லை. மீதிக் கிணறுகளுக்குச் சுவர் எழுந்தது; மாதுளைச் சுவர் என்று பெயரும் வந்தது. மருதக்காள் வந்து காலில் விழுந்தாள். ராஜா மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிலம்பாயியின் கோபம் மட்டும் கடைசிவரை தணியவில்லை. ஏன் தணிய வேண்டும்?

ஆகவே, யாருக்கு நல்லது செய்ய நினைக்கிறோமோ அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.