ஆறு கைக்காரிக்குக் கம்பளிச் சட்டை

நெல்லைச் சீமைக்கு மேற்கே, மேகம் வந்து குடியிருக்கும் மூடுபாறை எஸ்டேட்டில், பேச்சியம்மன் கோயிலின் வெட்டுக்கல்லைக் கழுவுவது மாசானம் அடியாரின் வேலை. கிடாயின் தலை விழுகிறவரை கல்லைச் சுற்றிக் கூட்டம் இருக்கும். கறியைப் பங்கு வைக்கும்போது அது இரண்டு மடங்காகும். குடலையும் சாணத்தையும் உறைந்த இரத்தத்தையும் வாருகிற நேரத்தில் மட்டும் ஈக்களைத் தவிர ஒருவரும் இருக்க மாட்டார்கள், மாசானம் இருப்பார். முழங்கால் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, ஓடைத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றிக் கழுவுவார். பகலில் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுவார். விடிந்ததும் முதல் காரியமாக, அம்மன்மேல் படிந்த பனியைத் தம் தலைத்துண்டால் துடைப்பார். அதைச் செய்யும்படி யாரும் அவரிடம் சொன்னதில்லை.

அந்த அம்மனை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆறு கை. மடியில் கொடியவள் ஒருத்தி மல்லாந்து கிடக்கிறாள். இரண்டு கைகள் அவள் வயிற்றைக் கிழித்துக் குடலை உருவுகின்றன. மூன்று கைகளில் சூலம், வாள், உடுக்கை. எல்லாவற்றுக்கும் மேலே ஓங்கிய வலக்கையில், அந்த இரத்தம் தெறிக்காத உயரத்தில், அப்போதுதான் பிறந்த ஒரு பிள்ளை. கொலைகாரி போலத் தோன்றும் அவள்தான் பிள்ளைப்பேற்றுக்குக் காவல் தெய்வம். கோயிலுக்கு நான்கு தூணும் ஒரு தகரமும் உண்டு, சுவர் கிடையாது. மலைக்காற்று நேரே அவள்மேல்தான் வந்து மோதும்.

அந்தத் தாய் மாசானத்தின் மனைவியைக் காக்கவில்லை. ஒரு மார்கழியில் சொர்ணத்தாய் இரண்டு நாள் நோவு கண்டாள். அப்போது எஸ்டேட்டில் ஆஸ்பத்திரி இல்லை. விடியற்காலையில் மருத்துவச்சி, "பிள்ளை குறுக்க கெடக்கு. போயி பேச்சியக் கூப்பிடும்" என்றாள். அவர் ஓடிப்போய் அம்மனின் கைகளைப் பற்றிக்கொண்டு கதறினார். அந்தக் கைகள் பனியில் நனைந்து சில்லிட்டுக் கிடந்தன. திரும்பி வந்தபோது பாயெல்லாம் இரத்தமாக இருந்தது. தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது.

இனி இவர் அந்தக் கோயிலில் காறித் துப்புவார் என்றுதான் தோட்டக் கூலிகள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்து ஜனம் நினைத்தது. அவர் மறுநாளும் துண்டோடு போய்ப் பனி துடைத்தார். "அவ ஏமாத்தலய்யா. குளிர்ல கை வெறச்சுப் போச்சு. வெறச்ச கையில யாருக்குப் புடி நிக்கும்?" என்றார். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மார்கழிக் காலையில் கவாத்துக் கத்தி தம் விரல்களிலிருந்து தானாக நழுவுவதைக் கண்டவர் அவர். தமக்குத் தெரிந்ததை வைத்துத் தாய்க்கு இரங்கினார்.

ஏழு வருஷம் கழித்து மரம் விழுந்து அவர் கால் முறிந்தது. புதிதாகத் திறந்த எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் படுக்கை. அங்கே நர்சு ஞானப்பூ ஓய்ந்த வேளையில் இரண்டு ஊசிகளை வைத்துக்கொண்டு, முன்பக்கம் திறந்து பித்தான் போடுகிற கம்பளிச் சட்டை ஒன்றைப் பின்னிக்கொண்டிருப்பார். கார்டிகன் என்று அதற்குப் பெயர். படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்த மாசானம் ஒருநாள் ஊசியைக் கேட்டார்.

"ஆம்பளைக்கு எதுக்குய்யா இது?"

"எங்க அம்மைக்கு ஒண்ணு போடணும் நர்சம்மா. குளிர்ல நிக்கா."

"அம்மைக்கு அளவு தெரியுமா?"

"அளவு பாக்கணும். கை ஆறு."

நர்சம்மா காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயை எடுத்து அவர் வாயில் வைத்துவிட்டார். காய்ச்சல் இல்லை என்று கண்டபின் ஊசியைக் கொடுத்தார்.

நர்சம்மாவிடம் இருந்த மாதிரித் தாள் இரண்டு கை உள்ள மானிடர்க்கு எழுதியது. அவர் வாசிக்க வாசிக்க, எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று மாசானம் மனப்பாடம் செய்து, கால் தேறி வீடு திரும்பியதும் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்தார். பங்களாக்காரர்கள் எறிந்த கிழிந்த ஸ்வெட்டர்களைப் பொறுக்கி நூலைப் பிரித்தார். சோற்றுப்பானை ஆவியில் காட்டிச் சுருக்கம் எடுத்தார். ஊரார் உடம்பில் கிடந்த கம்பளியாயிற்றே என்று மஞ்சள் கரைத்த நீரில் மூன்று முறை அலசினார்.

முதல் முயற்சி கேலிக்கூத்தாய் முடிந்தது. அம்மனுக்குச் சேலை கட்டி அலங்கரிக்கும் வெள்ளிக்கிழமையில், கயிறு பிடித்து அளவெடுத்தார் மனிதர். சேலை எடுப்பாக நிற்க உள்ளே வைக்கோல் திணித்திருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாததல்ல, பக்தியில் மறந்துபோனார். இரண்டு மாதம் பின்னிய முதுகுப்பக்கத்தைச் சேலை களைந்த அம்மனிடம் பிடித்துப் பார்த்தால், அதற்குள் மூன்று பேச்சிகள் குடியிருக்கலாம். அத்தனையையும் பிரித்தார். அலுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் முறை, தாளில் இல்லாததையெல்லாம் தாமே கண்டுபிடித்தார். இரண்டு பக்கவாட்டிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று துவாரம் விட்டார். சூலத்தையும் வாளையும் கீழே வைக்கச் சொன்னால் அம்மன் வைப்பாளா? ஆகவே கைகளைக் குழாயாகப் பின்னாமல் பட்டையாகப் பின்னி, அடிப்பக்கம் சிரட்டைப் பித்தான் வைத்து மூடும்படி செய்தார். குடல் உருவும் இரண்டு கைகளுக்கு முழங்கையோடு நிறுத்திக்கொண்டார். வேலை செய்கிற கைக்குச் சட்டை ஏறித்தான் இருக்க வேண்டும் என்பது வெட்டுக்கல் கழுவுகிறவருக்குத் தெரியாதா? மேலே பிள்ளை ஏந்திய ஆறாவது கைதான் பிடிபடவில்லை. உள்ளங்கையில் பிள்ளை கிடக்க, மணிக்கட்டில் எப்படி முடிப்பது? அதைக் கடைசிக்கு வைத்தார்.

லயமே சிரித்தது. "பொண்டாட்டியக் காக்காதவளுக்குச் சட்டை வேற கேக்குதோ" என்று தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் அவர் காதுபடவே சொன்னார்கள். அவர் கண்ணிகளை எண்ணிக்கொண்டே நடந்துவிடுவார்.

சிரிக்காதவர் ஒருவர் உண்டு. அவர் பலவேசக் கங்காணி. இருநூறு ஆளை மேய்க்கிறவர். அடிபடாத முதுகு அவர் கணக்கில் மனித முதுகே அல்ல. கொடை என்கிற கோயில் திருவிழா நாளில் பேச்சியம்மன் அருள் இறங்குவதும் அவர்மேல்தான். தை மாதக் குளிரில் வெற்றுடம்போடு வேர்வை வடிய ஆடி, துடிக்கும் கிடாயின் கழுத்தில் வாய் வைத்து இரத்தம் உறிஞ்சுவார். அதைப் பார்த்துத்தான் ஜனம் அவருக்கு அடங்கிக் கிடந்தது. அம்மனுக்குக் குளிரும் என்று ஒருவன் சொன்னால், அவர் வேர்வைக்கு என்ன மதிப்பு? கொடைக்குப் பத்து நாள் இருக்கும்போது நான்கு ஆட்களோடு கோயிலுக்கு வந்தார். மாசானம் ஐந்தாவது கையை அளந்துகொண்டிருந்தார்.

"ஏல, பேச்சி நெருப்புல. நெருப்புக்கு எவனாவது கம்பளி போத்துவானா?"

"நெருப்புதான் கங்காணி அய்யா. மழையில நனைஞ்ச நெருப்பு."

"அப்பம் எம்மேல வாரது என்னது? பொய்யா?"

"அத நான் சொல்லலையே அய்யா. கை சில்லுன்னு இருந்துது, தொட்டுப் பாத்தேன். அதான் சொல்லுதேன்."

முதல் உதை வயிற்றில் விழுந்தது. நால்வரும் அவரைத் தரையில் போட்டு மிதித்தார்கள். உதடு கிழிந்து, இரண்டு பல் தெறித்து விழுந்தன. அப்போதும் அவர் ஒரு கையால் கம்பளியை நெஞ்சுக்கடியில் அமுக்கி வைத்திருந்தார். அதைக் கண்டு கங்காணிக்கு வெறி தலைக்கேறியது. மாசானத்தின் வலக்கையை இழுத்து வெட்டுக்கல்மேல் வைக்கச் சொல்லி, அரிவாளைத் திருப்பி அதன் முதுகால் ஓங்கி ஓங்கி அடித்தார். விரல் எலும்புகள் விறகு போல முறிகிற சத்தம் மற்ற நால்வருக்கும் கேட்டது. அவர்களில் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாசானம் "அம்மா" என்று ஒரே ஒரு தடவை கத்தினார்.

நர்சம்மா அழுதுகொண்டே கட்டுப் போட்டார். "போதும்யா. அவ கேட்டாளா ஒங்கிட்ட?"

"கேக்க மாட்டா நர்சம்மா. எந்தத் தாய் எனக்குக் குளிருதுன்னு புள்ளைட்ட சொல்லுவா?"

உரலில் தலையைக் கொடுத்தபின் உலக்கைக்கு அஞ்சுவாரா? ஓர் ஊசியை வலது அக்குளில் இடுக்கி, மற்றதை இடக்கையில் பிடித்து, நழுவும் நூலைப் பல்லால் இழுத்துப் பின்னினார். விழுந்த பல்லின் ஈறு கசிந்து மஞ்சள் கம்பளியில் இரத்தம் பொட்டுப் பொட்டாய் ஊறியது. கொடைக்கு முந்திய நாள் ஐந்தாவது கை முடிந்தது. ஆறாவது கைக்கு நூல் இருந்தது. நாள் இல்லை, விரலும் இல்லை.

கொடையன்று பொழுது விடிய, பனி துடைத்து, சட்டையை அம்மனுக்குப் போட்டுவிட்டார். ஐந்து கைகளுக்கும் சிரட்டைப் பித்தான்களை ஒற்றைக் கையால் மாட்டி முடிக்க வெயில் ஏறிவிட்டது. பிள்ளை ஏந்திய கை மட்டும் வெறுங்கையாக வானத்தில் நின்றது. மாசானம் அதைப் பார்த்துப் பார்த்து அழுதார். மனைவியைப் பறிகொடுத்த கதியில் இன்னொருத்தி போய்விடக் கூடாதே என்றுதான் இத்தனை பாடும். பிள்ளையைப் பிடிக்கிற கையே வெறுங்கையாகிப் போனதே.

உச்சிக்கொடைக்கு மேளம் முழங்கியது. பலவேசக் கங்காணி அரிவாளோடு வந்தார். சட்டையைக் கண்டார். "கிழிச்சு எறிஞ்சுட்டு, இவன் தலையையும் எடுத்துட்டுத்தான் கிடாய்" என்று கூவி ஓடிவந்தார். ஒருவரும் குறுக்கே வரவில்லை. மாசானம் அம்மனுக்கு முன்னால் நின்றுகொண்டார். அரிவாள் மேலே போனது. மேளக்காரர்கள் பயத்தில் கை நிறுத்த மறந்து அடித்தார்கள்.

மேலே போன கை அங்கேயே நடுங்கத் தொடங்கியது. பலவேசத்தின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. உச்சி வெயிலில், வேர்வை ஒரு பொட்டு இல்லாமல், மயிர்க்கால்கள் குத்திட்டு நிற்க, உடம்பைக் குறுக்கிக்கொண்டு அவர் தரையில் உட்கார்ந்தார். பெண்குரல் வந்தது.

"குளிருதே... குளிருதே... எத்தன காலமா நனைஞ்சுகிட்டு நிக்கேன். ரத்தம் வேணுமான்னு கேட்டிய, கள்ளு வேணுமான்னு கேட்டிய. குளிருதான்னு ஒருத்தன் கேட்டானால?"

பேச்சி எழுந்தாள்; பலவேசத்தின் உடம்போடு எழுந்து வெட்டுக்கல்லுக்கு நடந்தாள். "எனக்குச் சட்டை போட்டவன் கைய ஒடிச்ச கை எது?" என்று கேட்டாள். பலவேசத்தின் வலக்கை தானே கல்லின்மேல் போய் விரிந்தது. அரிவாள் இடக்கைக்கு மாறி இறங்கியது. சுண்டுவிரல் துண்டாகித் தெறித்தது. இரத்தம் பீறிட்டுக் கல் நனைந்தது. அரிவாள் மறுபடி ஓங்கியது, இந்த முறை மணிக்கட்டுக்கு.

மாசானம் பாய்ந்து, கட்டுப் போட்ட தம் நொறுங்கிய கையைக் கொண்டு கங்காணியின் கையை மூடினார்.

"தாயி! இந்தக் கல்லக் கழுவுறவன் நான். கிடாய் ரத்தம் எத்தன வேணும்னாலும் கழுவுதேன். மனுச ரத்தத்த எங்கையால கழுவ வைக்காத!"

அரிவாள் அவர் கட்டின் துணியைத் தொட்டபடி நின்றது.

"ஒனக்கு என்னதான்ல வேணும்?"

"ஒரு கை பாக்கி நிக்கே தாயி. புள்ள இருக்குற கை. என்னால பின்ன முடியல. பொறுத்துக்கிடு."

அரிவாள் கீழே விழுந்தது. நடுங்கிக்கொண்டிருந்த உடம்பு அமைதியானது. பலவேசத்தின் இரத்தம் வழியும் கை, மாசானத்தின் கன்னத்தைத் தடவியது.

"அது பாக்கி இல்ல மக்கா. அந்தக் கைய மூடாத. இனி அது ஒங்கை."

இவ்வளவு சொல்லி அருள் விலகியது. கங்காணி மயங்கிச் சாய்ந்தார். அவர் தலையை மடியில் தாங்கியவரும் மாசானம்தான்.

அவருடைய விரல்கள் கோணலாகவே கூடின. "மூணு விரலுக்கு உயிரே கிடையாது. கட்டுப் போட்டவ நான் சொல்லுதேன்" என்பார் நர்சம்மா. ஆனாலும் அடுத்த ஐப்பசியில் அம்மனுக்குப் புதுச் சட்டை பின்ன மாசானம் ஊசியை எடுத்தார். முன்பு ஒரு வருஷம் இழுத்த சட்டை ஒரே மாதத்தில் முடிந்தது. தாம் இடக்கையை மட்டுமே அசைப்பதாகவும், மற்றப் பக்கம் யார் நூலை வாங்கிக் கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை என்றும் அவர் சொன்னார். அதன்பின் மூடுபாறையில் பிரசவத்தில் ஒரு தாயும் சாகவில்லை. நர்சம்மாவின் கைராசி என்பாரும் உண்டு; நல்லது, அதுவும் இருக்கட்டும்.

பலவேசம் அதன்பின் ஒரு முதுகையும் தொட்டதில்லை. புதுச் சட்டை பின்னிய அந்த ஐப்பசியில் ஒருநாள் விடியலில், அடியாருக்கு உடம்பு சுகமில்லை என்று கேட்டு, தாமே துண்டோடு பனி துடைக்கப் போனார். உயரே தூக்கிய வெறுங்கையை எட்டித் துடைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிள்ளையைத் தாங்கிய அந்த விரல்களில், அப்போதுதான் பின்னி நிறுத்தியது போல, மஞ்சள் கம்பளி இழை சுற்றியிருந்தது. தொட்டுப் பார்த்தார், கை இளஞ்சூடாக இருந்தது.

தெய்வத்திடம் கை நீட்டாமல், தெய்வத்தின் கைக்குக் குளிருமே என்று உருகிய மாசானம் அடியாரின் கோணல் விரல்களைக் கும்பிடுகிறேன்.