மாசிலாமணி மக வீட்டுச் சாப்பாடு

அதென்ன, குருன்னா தாடி நரைச்சுத்தான் இருக்கணும்னு யாரு சட்டம் போட்டா? உலகம்மைக்கு அப்ப முப்பத்தஞ்சு வயசு. அவகிட்ட சீடனா வந்து சேந்த மாசிலாமணிக்கு அறுபது. அவரு அவளை அம்மான்னு கூப்பிடுவாரு. அவ அவரைப் பெரியவரேன்னு கூப்பிடுவா. அவங்க ரெண்டு பேருக்கும் அதுல ஒரு கூச்சமும் இல்ல. உனக்கென்ன வந்துச்சு? கதையக் கேளு.

நொச்சியாறுன்னு ஒரு ஆறு. மலையில பொறந்து மூணு நாட்டைத் தாண்டிப் போயி கடல்ல விழும். மேல்நாடு, நடுநாடு, கடைசியா கடலோரத்துல கடைநாடு. ஒரு காலத்துல தண்ணிக்காக மண்டைய ஒடச்சுக்கிட்டவங்கதான் மூணு பேரும். அப்புறம் அலுத்துப்போயி, மூணு ராஜாவும் கூடி, தண்ணி பிரிச்சுக் குடுக்க ஒரு ஆளை வச்சாங்க. அந்த ஆளுதான் மாசிலாமணி.

பத்து நாள் மேல்நாட்டுக்கு, பத்து நாள் நடுநாட்டுக்கு, பத்து நாள் கடைநாட்டுக்கு. எல்லைக்கு எல்லை ஒரு அளவுகல்லு நட்டு, அதுல கோடு போட்டு வச்சிருந்தாரு. கோட்டுக்கு ஒரு விரக்கடை தண்ணி கம்மின்னாலும் மதகு காக்குறவன் தொலைஞ்சான்.

மனுசன் அப்பிடி ஒரு நேர்மை. ஒரு தடவை நடுநாட்டு ராஜா வீட்டுல இருந்து இவருக்கு ஒரு பலாப்பழம் வந்துச்சு. வாங்குனா தப்பு, திருப்பி அனுப்புனா ராஜா கோவிச்சுக்குவாரு. என்ன பண்ணாரு தெரியுமா? சுளையெல்லாம் எடுத்து மூணு பங்கு வச்சு, மூணு நாட்டுக்கும் அனுப்பி விட்டாரு. அதுல ரெண்டு சுளை மிச்சம் விழுந்துருச்சு. அது எந்த நாட்டுக்குன்னு தெரியாம ஆத்துல கொண்டுபோயிப் போட்டுட்டாரு. அவரு சம்சாரம் மூணு நாள் அவரோட பேசலையாம். நானா இருந்தா ஒரு மாசம் பேசிருக்க மாட்டேன்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், அவருக்கு ஒரே மக, வடிவுன்னு பேரு. அவளைக் கட்டிக்குடுத்தது கடைநாட்டுல. இந்த வேலைக்கு வந்த அன்னையில இருந்து மனுசன் மக வீட்டு வாசப்படி மிதிக்கல. மக ஊருக்குத் தண்ணியத் தள்ளி விட்டான்னு நாளைக்கு ஒருத்தன் நாக்கு மேல பல்லு போட்டுச் சொல்லிருவானேன்னு பயம். நாலு வருசம் ஓடிப்போச்சு. பேரன் பொறந்து நடந்து பேசவே ஆரம்பிச்சுட்டான். தாத்தா போயிப் பாக்கல.

இதுக்கு நடுவுல கடைநாட்டுக்காரங்க வந்து வந்து கேட்டாங்க. நடவுக்கு முன்னால எங்களுக்கு ரெண்டு நாள் கூடக் குடுங்க, அந்த ரெண்டு நாளும் மேல இருக்கவங்க வடிகாலை அடைச்சு வச்சு, நல்ல தண்ணியா அனுப்புங்க, நாங்க வயலைக் கழுவிக்கிறோம்னு. பத்துன்னா பத்துதான்னு சொல்லிட்டாரு இவரு. ரெண்டு வருசமா அங்க நாத்து கருகுச்சு. இந்த வருசமும் கருகுனா ஊரைக் காலி பண்ணிட்டுக் கண்காணாத சீமைக்குப் போயிருவோம்னு வடிவு ஆள் மூலமாச் சொல்லி விட்டா.

மூணு நாட்டாரும் கூடி வருசத் தண்ணிய முடிவு பண்ற தண்ணிக்கூட்டத்துக்கு அஞ்சு நாள்தான் இருந்துச்சு. மாசிலாமணிக்குத் தூக்கம் போச்சு. உலகம்மையத் தேடி வந்தாரு. அவ பரிசல்துறைக்கிட்ட ஒரு சின்ன மடத்துல இருந்தா. அவரு வந்தப்ப புளியில கொட்டை எடுத்துக்கிட்டிருந்தா.

"கோடு சரியா இருக்கு. நாளும் சரியா இருக்கு. நான் எதுலம்மா தப்புனேன்?"

அவ நிமிந்து பாக்கல. மக வீட்டுல சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சுன்னு கேட்டா. நாலு வருசம்னாரு.

"போயி ஒரு வேளை சாப்பிட்டுட்டு வாங்க."

ஊரு பேசுமேன்னாரு. அவ அடுத்த புளியக் கையில எடுத்துட்டா. அதுக்கு மேல அவகிட்டப் பேச முடியாது.

போனாரு. துண்டைத் தலையோட போத்திக்கிட்டு, கோழி திருடப் போறவன் மாதிரி. வடிவு வாசல்ல நின்னு பாத்தா. யாரு வேணும், வழி தவறி வந்துட்டீங்களான்னு கேட்டா. கேட்டுட்டு, கண்ணத் தொடச்சுக்கிட்டே உள்ள போயி உலையை வச்சா. பேரன் வந்து மடியில ஏறி மீசையைப் புடிச்சு இழுத்தான். அவரு வாகாத் தலையைக் குனிஞ்சு குடுத்தாரு.

வடிவுக்குச் சின்ன வயசுல இருந்தே உப்புல கை தாராளம். அவ வச்ச கொழம்பைத் தின்னுட்டு அப்பனும் ஆத்தாளும் ஒரு பானைத் தண்ணி குடிப்பாங்க. அந்த நெனப்புல ரெண்டு வாய் ரசஞ்சோறு தின்னுட்டு மாசிலாமணி சிரிச்சாரு.

"உனக்கு இன்னும் கை அடங்கலையேடி. உப்பு தூக்கலா இருக்கு."

"நான் உப்பே போடலப்பா."

சோத்துல போட்டியான்னு கேட்டாரு. சோத்துலயும் போடல. இந்த வீட்டுல உப்பு வாங்கி ரெண்டு வருசமாச்சுன்னா. மேல ரெண்டு நாட்டுலயும் வயலு உப்பைக் கழுவுன தண்ணி வடிகால் வழியா ஆத்துலயேதான் விழுது. வழியெல்லாம் அந்த உப்பையும் சேத்துக்கிட்டு வந்து இங்க அளவுகல்லுக் கோட்டைத் தொடுது. கீழ கடல் வேற ஏறி வருது. இதை அழுது சொன்னாளா, சண்டை போட்டுச் சொன்னாளான்னா, ரெண்டும் இல்ல. ரசத்தைக் கலக்கிக்கிட்டே சொன்னா. இன்னொரு கரண்டி ஊத்தவான்னு கேட்டா.

அவரு இலையக் காட்டுனாரு. ஒரு பருக்கை விடாம தின்னாரு.

திரும்பி வந்தவரு மொகமே சரியில்ல. போறதுக்கு முன்னாலயாவது தெரியாம இருந்தாரு. இப்பத் தெரிஞ்சு போச்சே. அந்த ரெண்டு நாளைக் குடுத்தே ஆகணும். ஆனா எப்பிடிக் குடுக்குறது?

"மக கையால தின்னுட்டு வந்து பேசுறான்னு சொல்லுவாங்கம்மா. சொன்னா அதுவும் நியாயம்தான். என் நாக்கை யாரு நம்புவா?"

கூட்டம் எங்க நடக்கும்னு கேட்டா உலகம்மை. எப்பவும் மேல்நாட்டு அரமனையிலதான்னாரு.

"இந்தத் தடவை உங்க மக ஊருல வைங்க. மேல்நாட்டுக்காரங்க, நடுநாட்டுக்காரங்க எல்லாருக்கும் அங்கயே சோறு ஆக்கச் சொல்லுங்க."

"அவங்க தின்னுட்டுச் சொன்னா மட்டும் எடுபடுமாம்மா?"

"அவங்களுக்கு அந்த ஊருல மக இல்லையே, பெரியவரே."

மாசிலாமணி துண்டைத் தலையில போத்தாம, தோள்ல போட்டுக்கிட்டு மக ஊருக்குக் கெளம்பிட்டாரு.

கதை அம்புட்டுதான். அடுப்படியில யாரு, பூரணியா? இட்லி ஆறுது பாரு, தட்டை இங்க கொண்டாம்மா.