மேற்கோள் காட்டியவர்கள் வந்தார்கள்

இயற்பியல், தாவரவியல், மருத்துவம் என்று மூன்று துறைகளில் நானூறு ஆய்வுக் கட்டுரை எழுதியவர் பேராசிரியர் ஞானவரதன். பல்கலைக்கழகம் அவருக்கு விருது கொடுக்கும் விழாவுக்கு முன் நூலக உதவியாளர் செண்பகவல்லியைக் கூப்பிட்டார்.

"என் கட்டுரைகளை மேற்கோள் காட்டின அத்தனை பேரும் விழாவுக்கு வரணும். ஒருத்தர் விட்டுப்போனாலும் உனக்கு வேலை இல்லை."

மூன்று நாள் உட்கார்ந்து தேடிய செண்பகவல்லி, "எல்லாரும் வந்துடுவாங்க சார்" என்றாள்.

விழாவன்று அவர்களுக்கான வரிசைகள் காலியாகக் கிடந்தன. துணைவேந்தர் முன்னாலேயே பேராசிரியர் சீறினார். "எங்கே அவங்க?"

"ஒருத்தரும் விட்டுப்போகலை சார். ஐயாயிரம் மேற்கோளையும் பார்த்துட்டேன். எல்லாமே நீங்க எழுதின கட்டுரையிலதான் இருக்கு. நீங்கதான் வந்துட்டீங்களே!"

அவள் நீட்டிய பட்டியலைத் துணைவேந்தர் கடைசி வரை படித்தார். விருதை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார். மறுநாளே கட்டுரைகளைச் சரிபார்க்கும் குழுவில் செண்பகவல்லியைச் சேர்த்தார்.