சீட்டு மேசையில் கிடைத்தது

மாசிலாமணிக்குப் பேருந்துப் பணிமனையில் ஆட்களுக்கு வேலை ஒதுக்கும் பொறுப்பு. ஓட்டுநர் வராவிட்டாலும் அவருக்குத்தான் ஏச்சு, வண்டி தாமதமானாலும் அவருக்குத்தான். வேலை முடிந்ததும் சீட்டாடப் போய்விடுவார்.

ஆற்றங்கரை மடத்தில் இருந்த உமையாள் அம்மையிடம் அவர் உபதேசம் பெற்றிருந்தார். அம்மை அவரைவிட வயதில் இளையவர். இனி ஆடமாட்டேன் என்று மாசிலாமணி பலமுறை அவர் முன் சத்தியம் செய்து, அத்தனையையும் மீறியிருந்தார்.

அன்று மனைவி செண்பகவல்லியோடு மடத்துக்கு வந்தார். முந்தின நாள் மகள் காய்ச்சலில் மயங்கி விழுந்தபோது அவருடைய போன் சீட்டு மேசையில் அணைந்து கிடந்தது. இன்னொரு முறை இப்படி நடந்தால் பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டு, செண்பகவல்லி வெளியே படியில் உட்கார்ந்துகொண்டாள்.

மாசிலாமணி மறுபடி சத்தியம் செய்ய, அம்மை முன் எரிந்த விளக்கை நோக்கிக் கையை நீட்டினார். அம்மை தடுத்தார்.

"நேற்று ஜெயித்தீர்களா?"

"ஜெயித்தேன்."

"பிறகு ஏன் எழுந்து வரவில்லை?"

மாசிலாமணி யோசித்தார். எப்போதுமே ஜெயித்தாலும் எழுந்ததில்லை என்றார். நேற்றுக் காலையிலிருந்து நடந்ததைச் சொல்லச் சொன்னார் அம்மை. விடியுமுன் வந்த போன், மேலாளர் எல்லார் முன்னாலும் திட்டியது, சாப்பிடாமல் மூடி வைத்த டிபன் பாக்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தவர், சீட்டு மேசைக்கு வந்ததும் நின்றார்.

"அங்கே உட்கார்ந்தால் யாரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள், அம்மா."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

"ஆடமாட்டேன் என்று எத்தனையோ முறை சொன்னீர்கள். இத்தனையையும் தாங்க முடியவில்லை என்று வீட்டில் ஒரு முறையாவது சொன்னீர்களா?"

மாசிலாமணி எழுந்து வெளியே போனார். படியில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னால முடியல, செண்பகம்," என்றார்.

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மாசிலாமணி அழுதார். அழுது முடித்தபோது மார்பில் கனம் குறைந்திருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு இருவருமாக உள்ளே வந்தார்கள்.

"இப்போது சத்தியம் செய்யட்டுமா, அம்மா?"

"அதற்கு இன்னொரு நாள் வரலாம். இன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்."