ஒன்பதாம் வகுப்பின் ஏழு பீரியட்கள்

எங்கள் மடத்துப் பள்ளிக்கூடத்தில் டைம்டேபிள் போடுவது சாமியின் வேலை. மடத்துக்கும் அவர்தான் தலைவர், பள்ளிக்கும் அவர்தான். மே மாதக் கடைசியில் சாப்பாட்டுக் கூடத்துத் தரையில் ஒரு பெரிய வெள்ளைத் தாளை விரிப்பார். பக்கவாட்டில் வகுப்புகள், மேலே கிழமையும் பீரியடும், நடுவில் கட்டங்கள். ஒவ்வொரு வாத்தியாருக்கும் ஒரு நிறத்தில் சீட்டு. கட்டத்துக்கு ஒரு சீட்டு. அதை வெட்டித் தருவது ஓவிய வாத்தியாரான என் தலையில் விழுந்த வேலை. காற்றடித்தால் சீட்டெல்லாம் பறந்துவிடும் என்று ஃபேன் போட விடமாட்டார். வியர்த்து வழியும், கேட்க நாதி கிடையாது.

அந்த வருஷம் கணக்குப் பாடத்துச் சீட்டுகளை மட்டும் வைத்து முடித்திருந்தோம், வைத்திலிங்கம் வந்து நின்றார். கணக்கு வாத்தியார். சாமியைவிட ஏழு வயது மூத்தவர், ஆனாலும் சாமியிடம் தீட்சை வாங்கிய சீடர். பதினேழு வருஷமாக மடத்திலேயே இருக்கிறார். விழுந்து கும்பிட்டு, விபூதி வாங்கிப் பூசிக்கொண்டு, தாளுக்கு எதிரே சம்மணம் போட்டார்.

"சாமி, ஒன்பதாம் வகுப்புக் கணக்கு முழுசும் எனக்கு வேணும்."

ஒன்பதாம் வகுப்புக்கு வாரத்தில் ஏழு கணக்குப் பீரியட். அதில் நாலு வைத்திலிங்கத்துக்கு, மூணு தாண்டவமூர்த்திக்கு. தாண்டவமூர்த்தி எங்கள் பள்ளிக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

"ஏன்?" என்றார் சாமி.

"ஒரே வகுப்பு, ரெண்டு வாத்தியார். சரிப்பட்டு வரலை."

"தமிழுக்கும் ரெண்டு பேர்தானே. அங்கே சரிப்பட்டு வருதே."

வைத்திலிங்கம் மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டார்.

"வயிறு எரியுது சாமி. உங்ககிட்ட மறைச்சு என்ன பண்ணப் போறேன். பதினேழு வருஷமா தொண்டை கிழியக் கத்தறேன். என் பீரியட் முடிஞ்சு மணி அடிச்சா பசங்க அப்பாடான்னு எந்திரிக்கிறாங்க. அவர் பீரியட்ல மணி அடிச்சா, சார் இன்னும் அஞ்சு நிமிஷம்ங்கறாங்க. கயித்தையும் ஆணியையும் எடுத்துட்டுப் போய் மைதானத்துல வட்டம் போட்டுக் காட்டறாராம். பெரிய வித்தை! போன மாசம் ஒரு பொண்ணு என்கிட்டயே வந்து கேக்குது, சார், உங்க பீரியடையும் அவரே எடுப்பாரான்னு."

எனக்கே பாவமாக இருந்தது. ஓவியப் பீரியடை எனக்கு வேணும் என்று யாரும் இதுவரை சண்டைக்கு வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

"கொடுக்கலைன்னா?"

"ஊருக்குப் போயிடறேன் சாமி. இந்த இடத்தை விட்டுப் போக எனக்கு மனசே இல்லை. ஆனா இன்னொரு வருஷம் இதைப் பார்த்துக்கிட்டு இருக்க என்னால ஆகாது."

சாமி மறுபேச்சுப் பேசவில்லை. ஒன்பதாம் வகுப்பு வரிசையிலிருந்து மூன்று பச்சைச் சீட்டை எடுத்தார், மூன்று மஞ்சளை வைத்தார். பச்சை தாண்டவமூர்த்தி, மஞ்சள் வைத்திலிங்கம். அவ்வளவுதான், முடிந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் ஒரே ஒரு பீரியடை மாற்றித் தரச் சொல்லி நான் மூன்று வருஷமாக நடையாய் நடக்கிறேன்!

வைத்திலிங்கத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஏழு மஞ்சளையும் ஆசை தீரப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"அப்போ தாண்டவமூர்த்திக்கு மூணு பீரியட் குறையுதே?"

"குறையுது."

"அந்த நேரத்துல அவர் என்ன செய்வார்?"

"ஆசிரியர் அறையில தூங்குவார். இப்பவும் ஃப்ரீ பீரியட்ல தூங்கத்தானே செய்யறார். நல்ல குறட்டை."

"இது நல்லா இருக்கே! வேலை செய்யறது நான், குறட்டை விடறது அவரா?"

சிரிப்பை மறைக்கக் குனிந்து கத்தரிக்கோலைத் தேடினேன். அது கையில்தான் இருந்தது.

சாமி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "இன்னும் எட்டு மஞ்சள் வெட்டுங்க" என்றார்.

வெட்டிக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் தாளில் வைத்துக்கொண்டே போனார். எட்டாம் வகுப்பில் ஒன்று, பத்தாம் வகுப்பில் ஒன்று, மறுபடியும் எட்டாம் வகுப்பில். எல்லாமே ஏற்கெனவே பச்சைச் சீட்டு இருந்த கட்டங்கள்.

வைத்திலிங்கம் பதறிவிட்டார். "சாமி, தப்பா வெக்கறீங்க. ஒரே கட்டத்துல ரெண்டு பேர். அதெல்லாம் அவர் வகுப்பு."

"ஆமா."

"அந்த எட்டும் எனக்கு ஃப்ரீ பீரியட் சாமி."

"போன வருஷமும் ஃப்ரீ பீரியட் இருந்துது. அப்போ எங்கே இருந்தீங்க?"

சாமியே பதிலையும் சொன்னார்.

"என் அறையில உட்கார்ந்தா வராந்தா முழுக்கத் தெரியும், வாத்தியாரே. அவர் எந்த வகுப்புல இருந்தாலும் அந்த ஜன்னலுக்கு வெளியே நீங்க. வெயில்லயும் நின்னீங்க, சாரல்லயும் நின்னீங்க. நடக்கிறதைத்தான் நான் இதுல வெச்சேன்."

அட ஆண்டவனே என்றிருந்தது எனக்கு. நானும் அவரை அங்கே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மனிதர் காற்று வாங்குகிறார் என்றே நினைத்தேன்.

"அங்கே நின்னு என்ன கேட்டீங்க?" சாமியின் குரல் இறங்கியிருந்தது.

"பசங்க எத்தனை தடவை சிரிக்கிறாங்கன்னு எண்ணினேன்."

"அவர் நடத்தின பாடம்?"

"அது காதுல விழலை சாமி."

வைத்திலிங்கம் அந்த எட்டுக் கட்டங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"ஒன்பதாம் வகுப்பை வேணும்னா அவருக்கே திருப்பிக் கொடுத்துடுங்க. நான் ஊருக்கும் போகலை. ஆனா இந்த எட்டையும் எடுத்துடுங்க சாமி. வாரத்துல எட்டு பீரியடாவது நான் நிம்மதியா உட்காரணும். அதை மட்டும் எனக்குக் காலியா கொடுங்க."

சாமி சீட்டில் கை வைக்கவில்லை.

"போன வருஷமும் காலியாத்தான் கொடுத்தேன், வாத்தியாரே."