திரை விலகாத மத்தியானம்

“அம்மா, எனக்கு ஒண்ணுமே நடக்கலை” என்றார் ஆபத்சகாயம்.

“என்ன நடக்கணும்?” என்று கேட்டார் உமையாள்.

“சாமி முன்னாடி நிக்கிறேன். பக்கத்துல நிக்கிறவன் கண்ணுல தண்ணி வழியுது. எனக்கு வியர்க்குது. அவ்வளவுதான்.”

உமையாள் பகலில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துபவர். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டுக் கூடத்தில் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். சில சமயம் பதில் சொல்வார். பல சமயம் மோர் கொடுத்து அனுப்பிவிடுவார். வந்தவர்கள் மோரையும் பதிலாகவே எடுத்துக்கொண்டு போனார்கள். மோர் நன்றாக இருக்கும் என்பதும் ஒரு காரணம்.

ஆபத்சகாயம் அவரைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் இவர்தான் சீடர்.

தொழில், கும்பாபிஷேக வர்ணனை. கோபுரத்தின் மேல் குருக்கள்மார் புனித நீர்க் குடங்களோடு நிற்க, இவர் கீழே பந்தலில் மைக் முன்னால் உட்கார்ந்து, “மெய்யன்பர்களே, இதோ...” என்று இழுப்பார். அந்த ‘இதோ’வுக்கே பாதிக் கூட்டம் கைகூப்பிவிடும். வானத்தில் கருடன் வட்டமிட்டால் முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். வட்டமிடாவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று தொழில் போட்டியாளர்கள் சொல்வதுண்டு.

“இதோ இறைவன் கல்லுக்குள் எழுந்தருளிவிட்டார்னு முப்பது வருஷமா சொல்லிட்டிருக்கேன். ஜனங்க கதறுறாங்க. போன தடவை அந்த நேரத்துல என் மனசுல என்ன ஓடிச்சு தெரியுமா? மைக் கொர்ருங்குதே, ஆம்ப்ளிஃபையர்காரன் எங்கே தொலைஞ்சான்னு.”

“நியாயமான கவலைதானே.”

“கேலி பண்ணாதீங்கம்மா. வர்ற திங்கட்கிழமை இன்னொரு ஊர்ல கும்பாபிஷேகம். ஒத்துக்கிட்டாச்சு. ஆனா இந்த வாயால இனிமே பொய் சொல்ல முடியாது. போகவா, விட்டுடவா? அதை மட்டும் சொல்லுங்க.”

“சனி, ஞாயிறு என்ன வேலை ஐயா?”

“திங்கட்கிழமைக்குத் தயார் பண்ணணும்.”

“வேண்டாம். நாங்க புன்னைத்துறைக்குப் போறோம். கடற்கரைக் கிராமம். ரெண்டு மூணு கோயில். அலையை விட்டா வேற சத்தம் கிடையாது. நீங்களும் வாங்க. ரெண்டு நாள் ஓய்வு.”

“அங்கே பதில் கிடைக்குமா?”

“மீன் கிடைக்கும். நீங்க சாப்பிட மாட்டீங்க. இளநீர் கிடைக்கும்.”

ஆபத்சகாயம் யோசித்தார்.

“ஒரு நிபந்தனை” என்றார் உமையாள். “அங்கே எந்தக் கல்வெட்டையும் படிக்கக் கூடாது. எந்தப் போர்டையும் படிக்கக் கூடாது. கோபுரத்தை அண்ணாந்து பார்க்கக் கூடாது. யார்கிட்டேயும் தல வரலாறு கேட்கக் கூடாது.”

“அப்புறம் எதுக்குக் கோயிலுக்குப் போறது?”

“எனக்கும் அது சரியாத் தெரியலை” என்று சொல்லிவிட்டு உமையாள் மோர் எடுத்துவர உள்ளே போனார்.

*

உமையாளின் கணவர் மெய்யப்பன் காரை ஓட்டினார். மெய்யப்பனுக்கு ஞானத்தில் அக்கறை கிடையாது. தூக்கத்தில் தேர்ந்தவர். புன்னைத்துறையில் கடலோரமாக எடுத்திருந்த ஓட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் முற்றத்து மரங்களுக்கிடையே ஒரு தூளியைக் கட்டினார். அதில் ஏறிப் படுத்தார். இந்தக் கதையில் அவருக்கு இனி வேலை இல்லை.

சனிக்கிழமை காலை ஆபத்சகாயம் ஓய்வெடுக்கக் கிளம்பினார்.

ஓய்வு அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. அம்மன் கோயில் வாசலில் ஒரு பழைய கல் கிடந்தது. அதில் எழுத்துகள் இருந்தன. எந்த நூற்றாண்டு எழுத்து என்று ஒரே பார்வையில் சொல்லக்கூடியவர் அவர். கண்ணை இறுக மூடிக்கொண்டு நடந்தார். நிறுத்தி வைத்திருந்த சைக்கிளில் மோதிக்கொண்டார்.

பெருமாள் கோயில் மதிலில் ஏதோ ஒரு போர்டு. முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கம் இன்னொரு போர்டு.

கடைசியில் தரையைப் பார்த்து நடப்பதுதான் உத்தமம் என்று முடிவு செய்தார். தலையைக் குனிந்து தெரு முழுக்க நடந்தார்.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்: “என்ன சார் தேடுறீங்க? சாவியா?”

“இல்லைங்க. ஓய்வு.”

“அதை இங்கே யாரும் தொலைச்ச மாதிரி தெரியலையே” என்று சொல்லிவிட்டு அவர் வலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

உச்சி வெயில் ஏறியது. செருப்பைத் தாண்டியும் மணல் சுட்டது. எதிரே ஒரு மதில், மதிலில் திறந்து கிடந்த ஒரு பக்கவாட்டுக் கதவு, உள்ளே நிழல். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, குனிந்த தலை நிமிராமல், துள்ளித் துள்ளி உள்ளே ஓடினார்.

சிவன் கோயில். குளிர்ந்த கல். யாரும் இல்லை. சன்னதியில் திரை போட்டிருந்தது.

திரை என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளே நைவேத்தியம் நடக்கிறது, அல்லது அலங்காரம். சற்று நேரத்தில் மணி ஒலிக்கும், திரை விலகும், தீபம் தெரியும்.

கைகூப்பி நின்றார்.

பழக்க தோஷம், மனசுக்குள் வர்ணனை ஓட ஆரம்பித்தது. மெய்யன்பர்களே, இதோ திரை விலகப்போகிறது. ஆழ்கடலின் அலையோசை மங்கல இசையாக முழங்க, இதோ...

திரை விலகவில்லை.

இன்னும் சில நொடிகளில், அன்பர்களே.

விலகவில்லை.

கையிருப்பில் இருந்த அடைமொழிகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. செந்தமிழ் தீர்ந்தது. வடமொழி தீர்ந்தது. ‘இதோ’வும் தீர்ந்தது. அலைச் சத்தம் மட்டும் மிச்சம்.

அப்புறம் என்ன நடந்தது என்று அவரைக் கேட்டால் அவருக்குத் தெரியாது. கன்னம் நனைந்திருப்பது தாடையில் சொட்டிய பிறகுதான் தெரிந்தது. நின்றவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் தூணில் சாய்ந்து தூங்கிப்போனார். எழுந்தபோது வெளியே வெயில் மஞ்சளாகியிருந்தது. திரை அப்படியேதான் இருந்தது. அதைப் பற்றி அவருக்குக் குறையொன்றும் இல்லை.

வீடு வந்ததும் உமையாளிடம் சொன்னார்: “அம்மா, நடந்திடுச்சு.”

“என்ன நடந்துச்சு?”

“தெரியலை. ஆனா திங்கட்கிழமை போறேன்.”

“சரி. ஆப்பம் ஆறிடப் போகுது, சாப்பிடுங்க” என்றார் உமையாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை, நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று கோயிலுக்குப் போனார். இந்த முறை முன்வாசல் வழியாக. தலை குனிந்தபடிதான்.

சபேச குருக்கள் பிராகாரத்தில் வில்வம் ஆய்ந்துகொண்டிருந்தார்.

“வாங்கோ, வாங்கோ. ஊருக்குப் புதுசா?”

“நேத்து மத்தியானம் வந்தேன் சாமி. திரை போட்டிருந்தீங்க. ரொம்ப நேரம் நின்னேன். அலங்காரம் கொஞ்சம் நீளமோ?”

“நேத்திக்கா? நான் உச்சிவேளைக்கே ஆத்துக்குப் போயிட்டேனே!”

“அப்போ திரைக்குப் பின்னாடி?”

“யாரும் இல்லை.”

“சாமி?”

குருக்கள் சிரித்துவிட்டார். “ஸ்வாமியும் இல்லை. பாலாலயம் ஆகி ஆறு மாசம் ஆச்சே! வாசல்ல ஆள் உயரத்துக்குப் போர்டு வெச்சிருக்கு. கோபுரம் பூரா சாரம் கட்டியிருக்கு. இது எதுவுமா உங்க கண்ணுல படலை?”

ஆபத்சகாயம் நிபந்தனையை மீறி அண்ணாந்து பார்த்தார்.

சவுக்குக் கழிகள். கயிறு. பச்சை வலை. கோபுரம் தலைமுதல் கால்வரை கட்டுப் போட்ட நோயாளி மாதிரி நின்றது.

பாலாலயம் என்றால் என்ன என்று ஊர் ஊராக மைக்கில் விளக்கியவர் அவர். கோயிலில் திருப்பணி தொடங்குமுன், கல்லில் இருக்கும் சாமியை மந்திரத்தால் குடத்து நீருக்கு மாற்றி, அங்கிருந்து ஓர் அத்திமரப் பலகைக்கு மாற்றி, பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டு அங்கே பூசை செய்வார்கள். பணி முடிந்து கும்பாபிஷேகத்தன்றுதான் சாமி திரும்பக் கல்லுக்குள் போவார். அதுவரை கருவறையில் இருப்பது கல். வெறும் கல். இதைச் சொல்லும்போது ‘வெறும்’ என்ற இடத்தில் ஒரு நொடி நிறுத்துவார். கூட்டம் உச்சுக் கொட்டும்.

“பரிவார தெய்வங்கள்?” என்று ஈன சுரத்தில் கேட்டார்.

“எல்லாருமே கொட்டகையிலதான். பிள்ளையார், அம்பாள், சண்டிகேஸ்வரர் வரைக்கும். உள்ளே சிமெண்டு மூட்டைதான் இருக்கு. மணல் வண்டி வர்றதுக்காகப் பக்கத்துக் கதவைத் திறந்து போட்டிருக்கோம்.” குருக்கள் அவரை உற்றுப் பார்த்தார். “உங்க குரலை எங்கேயோ கேட்டிருக்கேனே. கும்பாபிஷேகத்துக்கு வர்ணனை சொல்றவர் நீங்கதானே?”

இந்த வாயால் இனிப் பொய் சொல்ல முடியாது என்று வெள்ளிக்கிழமை சொன்னவர், ஞாயிற்றுக்கிழமை சொன்னார்: “அவர் இல்லை. அவர் மாதிரி பேசுவேன்.”

கொட்டகைக்குப் போய் நின்றார். தகரக் கூரை. அத்திப் பலகை, பட்டுத்துணி, விளக்கு, பூ. முறைப்படி சாமி இங்கேதான். கண்ணை மூடினார்.

வியர்த்தது.

ஒரு கொசு கடித்தது. தகரக் கூரைக்குக் கீழே மைக் வைத்தால் எதிரொலிக்கும் என்று தோன்றியது.

*

உமையாள் கரையில் குந்தி உட்கார்ந்து ஒரு நண்டு வளை தோண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரிஞ்சேதான் என்னைக் கூட்டிட்டு வந்தீங்களா?” என்றார் ஆபத்சகாயம்.

“எதை?”

“பாலாலயம்!”

“அதுவா? நேத்து காலையில போர்டுல படிச்சேன். எனக்குத்தான் நிபந்தனை கிடையாதே.”

“காலி அறையைப் பார்த்து அழுதிருக்கேன் அம்மா. ஆகமம் தெரிஞ்ச நானு! சாமி இருக்கிற இடத்துல கொசு கடிக்குது. இல்லாத இடத்துல அழுகை வருது. இது என்ன கணக்கு?”

“எனக்கும் புரியலை.”

“நீங்க குரு!”

“நான் விலங்கியல்.”

நண்டு ஒரு பிடி மணலை வெளியே தள்ளிவிட்டு உள்ளே போனது.

“அப்போ நேத்து அழுதது பொய்யா?”

“கண்ணு சிவந்திருந்துச்சே.”

“நிஜம்னா, சாமி அங்கேதான் இருக்காரா?”

“குருக்கள் இல்லைங்கிறாரே.”

“அவர் சொல்றதுதான் சரி! முறைப்படி அங்கே யாரும் இல்லை. நாளைக்கு எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டு ‘இதோ வந்துவிட்டார்’னு சொல்வேன்? வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தன் வெறும் கல்லைப் பார்த்து அழுதுட்டு வந்திருக்கான். முன்னாடியாவது எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தெரிஞ்சிருந்துச்சு. இப்போ அதுவும் போச்சு. நான் போகலை. இப்பவே போன் பண்ணிச் சொல்லிடுறேன்.”

போனை எடுத்தார்.

“பண்ணுங்க” என்றார் உமையாள். “அதுக்கு முன்னாடி ஒரு உதவி. காலையில அந்தக் கோயிலுக்குப் போனேன். திரைக்குப் பக்கத்துல என் மூக்குக் கண்ணாடியை வெச்ச மாதிரி ஞாபகம். எடுத்துத் தர்றீங்களா?”

கோபமாக இருந்தாலும் குருவின் கண்ணாடி. போனைக் கையில் பிடித்தபடியே நடந்தார். உமையாள் பின்னால் வந்தார்.

பக்கவாட்டுக் கதவுக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஆபத்சகாயம் குனிந்து செருப்பைக் கழற்றப்போனார்.

“எதுக்குக் கழட்டுறீங்க?” என்றார் உமையாள்.

“கோயிலாச்சே அம்மா.”

“யாரும் இல்லைன்னு இப்பத்தானே சொன்னீங்க? கல்லு தகிக்குது பாருங்க. ரெண்டு எட்டுதான். போட்டுட்டே போய் எடுத்துட்டு வந்துடுங்க.”

ஆபத்சகாயம் யோசித்துப் பார்த்தார். சாமி கொட்டகையில். பிள்ளையார் கொட்டகையில். சண்டிகேஸ்வரர் வரைக்கும் கொட்டகையில். உள்ளே சிமெண்டு மூட்டை. குரு சொன்னது எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தாலும் சரி.

வலது காலைத் தூக்கினார்.

கால் நிலைப்படிக்கு மேலே போனது. அங்கேயே நின்றது.

உள்ளே வைக்கச் சொன்னார். கால் கேட்கவில்லை.

பாலாலயத்தின் விதிகளை மனசுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். ஒன்றுவிடாமல் சொன்னார். கால் அந்தரத்தில் இருந்தது. செருப்பின் நுனி லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

கொட்டகைப் பக்கமிருந்து குருக்கள் எட்டிப்பார்த்தார். “என்ன சார், நாரை மாதிரி நிக்கறேள்?”

ஆபத்சகாயம் ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“யாராவது தடுக்கிறாங்களா?” என்றார் உமையாள்.

இருட்டுக்குள் பார்த்தார். தூண். தூணுக்கு அப்பால் திரை.

“யாரும் இல்லை” என்றார். ஆயிரக்கணக்கான பேரை அழவைத்த குரல், பக்கத்தில் நின்றவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

“அப்போ வைங்க.”

முடியவில்லை. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. வியர்வை மட்டும்தானா என்று அவருக்கே தெரியவில்லை.

உமையாள் அவர் கையிலிருந்த போனை வாங்கி அவருடைய சட்டைப் பையிலேயே போட்டார். பிறகு இடுப்பில் செருகியிருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, சற்று முன் நண்டைப் பார்த்த அதே சிரத்தையோடு, குனிந்து அந்தக் காலைப் பார்த்தார்.

“நாளைக்கு மேடைக்கு வாயைக் கூட்டிட்டுப் போகாதீங்க ஐயா” என்றார். “இதைக் கூட்டிட்டுப் போங்க.”